இரண்டே கொத்தில் 6000 மெகாவாட்: நெடுந்தூர டிசி மின்பாதையைப் படிப்படியாகப் புரிந்துகொள்ள

ஈரோடு, திருப்பூர் பக்கம் போகிறவர்கள் வயல்களுக்கு மேலே செல்லும் உயர் அழுத்த டவர்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பெரும்பாலான டவர்களில் மூன்று கொத்துக் கம்பிகள் இருக்கும், இல்லாவிட்டால் ஆறு இருக்கும். ஒரு பாதையில் மட்டும் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டே கொத்து. (உச்சியில் இடியை வாங்கிக்கொள்ள ஓடும் மெல்லிய கம்பியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.) அந்த இரண்டு கொத்துகள் சத்தீஸ்கர் மாநிலம் ராய்கரில் புறப்பட்டு, சுமார் 1765 கி.மீ. கடந்து, தமிழ்நாட்டின் புகலூர் நிலையத்துக்கு வந்து சேர்கின்றன. முழு லோடில் அவை கொண்டுவருவது 6000 மெகாவாட். ஒரு பக்கம் தரையைவிட 800 கிலோவோல்ட் மேலே, மறுபக்கம் 800 கிலோவோல்ட் கீழே. ஓடுவது ஏசி (மாறி மாறித் திசை திரும்பும் மின்சாரம்) இல்லை, டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்).

மின்பொறியியல் படிக்கும் மாணவர்களையும், சப் ஸ்டேஷன் வேலைக்குப் புதிதாக வந்தவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பாடப் புத்தகத்தில் இந்தப் பகுதி நன்மைகள், தீமைகள் என்று இரண்டு பட்டியலாக வரும். நானும் அப்படித்தான் மனப்பாடம் செய்தேன், பரீட்சை முடிந்ததும் மறந்தேன். பிற்பாடு வேறு ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டபோதுதான் விளங்க ஆரம்பித்தது: இந்த இடத்தில் எதை வாங்குகிறோம், அதற்கு எதை விலையாகக் கொடுக்கிறோம்? கீழே உள்ள ஒவ்வொரு படியிலும் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே வாருங்கள். ஒரு நோட்டும் கால்குலேட்டரும் பக்கத்தில் இருக்கட்டும்.

படி 1: டிசி எதற்கு என்று முதலில் கேளுங்கள்

மின்நிலையத்தில் பிறப்பது ஏசி, வீட்டில் செலவாவதும் ஏசி. நடுவில் அதை டிசியாக மாற்றி, மறுபடி ஏசியாக்க வேண்டுமென்றால் இரு முனைகளிலும் பெரும் செலவில் கன்வெர்ட்டர் நிலையம் கட்ட வேண்டும். அந்தச் செலவை நியாயப்படுத்தும் காரணம் ஒன்று வேண்டும். மூன்று காரணங்கள்தான் பெரும்பாலும் வரும்.

முதல் காரணம் தூரம். 50 ஹெர்ட்ஸ் ஏசியின் அலைநீளம் 6000 கி.மீ. ஒளியின் வேகத்தை 50 ஆல் வகுத்தால் வந்துவிடும். ராய்கர் முதல் புகலூர் வரையிலான தூரம் அந்த அலையில் கால் பங்குக்கும் மேல். அவ்வளவு நீளமான ஏசி லைனில் கம்பியின் இண்டக்டன்ஸும் (கரண்ட் மாறுவதை எதிர்க்கும் குணம்) கெப்பாசிட்டன்ஸும் (மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் குணம்) ஆட்டத்தைத் தம் கையில் எடுத்துக்கொள்ளும். வழிநெடுக நிலையங்கள் வைத்து அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்தால்தான் மின்சாரம் ஒழுங்காகப் போய்ச் சேரும். நிலையாக ஓடும் டிசிக்கு இண்டக்டன்ஸும் தெரியாது, கெப்பாசிட்டன்ஸும் தெரியாது. அதற்கு எதிர்ப்படுவது மின்தடை மட்டுமே. அதோடு கம்பியும் குறைவு, டவரும் ஒடுக்கம். வான்வழி லைன் என்றால் ஏறக்குறைய 600 முதல் 800 கி.மீ. தாண்டும்போது, இரு முனை நிலையங்களின் செலவையும் சேர்த்தே டிசி மலிவாகிவிடும்.

இரண்டாவது காரணம் கேபிள். இதை ஒரு கணக்கோடு பார்த்தால்தான் மனதில் நிற்கும். கேபிள் என்பது ஒரு நீளமான கெப்பாசிட்டர். கிலோமீட்டருக்கு 0.2 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். 400 கிலோவோல்ட் ஏசி கேபிளில் ஒரு ஃபேஸுக்கு 231 கிலோவோல்ட் இருக்கும். 314, 0.2 மைக்ரோ, 231 ஆயிரம் மூன்றையும் பெருக்குங்கள். கிலோமீட்டருக்குச் சுமார் 14.5 ஆம்பியர் வரும். 100 கி.மீ. கேபிள் என்றால் 1450 ஆம்பியர். மறுமுனையில் ஒரு பல்புகூட எரியாத நிலையிலேயே, கேபிள் தாங்கக்கூடிய கரண்டை அதன் சொந்த கெப்பாசிட்டன்ஸ் தின்று தீர்த்துவிடும். கடலுக்கு அடியில் போகும் நீண்ட கேபிள்கள் ஏறக்குறைய எல்லாமே டிசியாக இருப்பது இதனால்தான். 1954-ல் ஸ்வீடனின் நிலப்பகுதியிலிருந்து காட்லாந்து தீவுக்குப் போட்ட 20 மெகாவாட் இணைப்பே வணிக ரீதியில் இந்தத் துறையின் பெரிய தொடக்கம். அதுவும் கடல் கேபிள்தான்.

மூன்றாவது காரணம் ஒத்து ஓடாத இரண்டு கிரிட்கள் (மின் வலைகள்). இது நம் ஊர்க் கதை. 2013 டிசம்பர் 31 வரை தென்னிந்திய கிரிட் மற்ற இந்தியாவோடு ஒத்திசைந்து ஓடவில்லை. இரண்டுமே பெயருக்கு 50 ஹெர்ட்ஸ், ஆனால் ஒவ்வொன்றும் தன் தாளத்தில் ஓடியது. அவற்றை ஏசி லைனால் நேரடியாகக் கோக்க முடியாது. டிசிக்குத் தாளம் கிடையாது என்பதால் நடுவில் டிசியை வைத்துக் கோத்தார்கள். ஒடிசாவின் தால்சேரிலிருந்து கர்நாடகத்தின் கோலார் வரை 2003-ல் வந்த 500 கிலோவோல்ட் பாதை அப்படிப்பட்டது. லைனே இல்லாமல், ஒரே வளாகத்தில் ஏசியை டிசியாக்கி, சில மீட்டர் தள்ளி மறுபடி ஏசியாக்கும் நிலையங்களும் உண்டு. விசாகப்பட்டினத்தை ஒட்டிய காஜுவாக்கா நிலையம் அந்த வகை. 2012 ஜூலை 30-ல் வடக்கு கிரிட்டும், மறுநாள் அதோடு கிழக்கும் வடகிழக்கும் அடுத்தடுத்து விழுந்தபோது தெற்கு விழாமல் நின்றது. நடுவில் இருந்தது டிசி என்பதால் அந்தச் சரிவு இந்தப் பக்கம் தாண்டி வரவில்லை.

இந்த மூன்றில் எதுவும் பொருந்தாவிட்டால் டிசி வேண்டாம். 150 கி.மீ. வான்வழிப் பாதைக்கு ஏசியே போதும். நிலம் கிடைக்காத இடங்களில் இந்தக் கணக்கு மாறும். அதற்கு ஆறாவது படியில் வருகிறேன்.

படி 2: அழுத்தத்தை ஓம் விதியால் தேர்ந்தெடுங்கள்

டிசி என்பதால் கணக்கு எளிது. இரண்டு கம்பிகளுக்கு நடுவே 1600 கிலோவோல்ட். 6000 மெகாவாட்டை அதனால் வகுத்தால் 3750 ஆம்பியர். ஒரு பக்கக் கொத்தின் மொத்தத் தடை, முனைக்கு முனை, 12 ஓம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 3750-ஐ வர்க்கமாக்கி 12-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 169 மெகாவாட். இரு பக்கமும் சேர்த்து 337 மெகாவாட் கம்பியில் வெப்பமாகப் போகும். அனுப்புவதில் 5.6 சதவீதம்.

இப்போது அழுத்தத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். 400 கிலோவோல்ட் என்றால் கரண்ட் 7500 ஆம்பியராகும், இழப்பு நான்கு மடங்காகி 1350 மெகாவாட்டுக்குப் போகும். அனுப்பியதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் காற்றைச் சூடாக்கிவிடும். 800 கிலோவோல்ட்டை எதற்குத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு இதைவிட நீண்ட விளக்கம் தேவையில்லை. சீனாவில் 2019-ல் வந்த சாங்ஜி – குச்சுவான் பாதை 1100 கிலோவோல்ட், 12,000 மெகாவாட். நீளம் 3000 கி.மீ.க்கும் மேல். தூரமும் அளவும் கூடக் கூட அழுத்தமும் ஏறத்தான் வேண்டும். அதற்கு விலையாக இன்சுலேட்டர் நீளமாகும், டவர் உயரும், டிரான்ஸ்பார்மரை ரோட்டில் கொண்டுவருவதே பெரிய வேலையாகிவிடும்.

படி 3: ஒரு பேட்டரியை வைத்துப் பழகுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். நான் பத்து நாள் புத்தகம் படித்துப் புரியாததை இது அரைமணி நேரத்தில் புரியவைத்தது.

வேண்டியவை: ஒரு 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி (சின்ன யுபிஎஸ்ஸில் இருப்பது போதும்), அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய டிசி பவர் சப்ளை, 1 ஓம் 10 வாட் ரெசிஸ்டர், ஒரு மல்டிமீட்டர். சப்ளையின் பிளஸ்ஸிலிருந்து ரெசிஸ்டர் வழியாகப் பேட்டரியின் பிளஸ்ஸுக்குக் கொண்டுபோங்கள். மைனஸையும் மைனஸையும் சேருங்கள். கரண்ட் லிமிட்டை 2 ஆம்பியரில் வைத்துவிடுங்கள். துருவம் மாறிவிடாமல் இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் சப்ளை என்பது ராய்கர், ரெசிஸ்டர் என்பது 1765 கி.மீ. கம்பி, பேட்டரி என்பது புகலூர். பேட்டரி 12.6 வோல்ட்டில் இருக்கிறது. சப்ளையை 13.1-க்கு ஏற்றினால் வித்தியாசம் அரை வோல்ட், கரண்ட் அரை ஆம்பியர். 13.6-க்கு ஏற்றினால் 1 ஆம்பியர். பேட்டரி சார்ஜ் ஏற ஏற அதன் அழுத்தமும் மெதுவாக உயரும் என்பதால் மீட்டரில் கொஞ்சம் குறைத்தே காட்டும், பரவாயில்லை. கவனிக்க வேண்டியது இதுதான்: 13.1-லிருந்து 13.6 என்பது 4 சதவீதம்கூட இல்லை. ஆனால் கரண்ட் இரண்டு மடங்காகிவிட்டது.

பெரிய பாதையிலும் இதே கதைதான். நாம் எடுத்துக்கொண்ட 12 ஓம் கணக்கில் 3750 ஆம்பியர் ஓடும்போது கம்பியில் 45 கிலோவோல்ட் குறையும். 800-ல் புறப்பட்டது 755-ல் சேரும். அனுப்பும் முனை ஒரே ஒரு சதவீதம், அதாவது 8 கிலோவோல்ட் ஏறினால் வித்தியாசம் 53 ஆகும். கரண்ட் 4400 ஆம்பியரைத் தாண்டிவிடும், கிட்டத்தட்ட 18 சதவீத உயர்வு. ஏசி கிரிட்டில் ஒரு சதவீத ஏற்ற இறக்கம் அன்றாடம் நடக்கிற சங்கதி. ஆகவே கையை எடுத்துவிட்டு இந்தப் பாதையை ஓட்டவே முடியாது, மில்லிசெகண்டுக்கு மில்லிசெகண்ட் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்தப் பிடி இருப்பதால்தான் இந்தத் தொழில்நுட்பத்துக்கே மதிப்பு. ஏசி வலையில் மின்சாரம் தனக்கு எளிதான வழியில் பிரிந்து போகும், இந்த லைனில் இவ்வளவு போ என்று நேரடியாகச் சொல்ல முடியாது. டிசி பாதையில் ஆபரேட்டர் 2500 மெகாவாட் என்று கொடுத்தால் 2500 போகும். வழக்கத்தில் அனுப்பும் முனை கரண்டையும் வாங்கும் முனை அழுத்தத்தையும் கவனித்துக்கொள்ளும். இரண்டு முனைகளும் ஒன்றுக்கொன்று பேசும் தகவல் தொடர்பு அறுந்தால்கூட ஓட்டம் குலையாமலிருக்க, வாங்கும் முனைக்கு அனுப்பும் முனையைவிடச் சுமார் 10 சதவீதம் குறைவான கரண்ட் அளவைக் கொடுத்து வைப்பார்கள். கரண்ட் அதற்குக் கீழே இறங்கினால் மட்டும் அது தலையிடும்.

படி 4: ஆறு தைரிஸ்டர்களை வரைந்து பாருங்கள்

அழுத்தத்தை அவ்வளவு நுணுக்கமாகக் கூட்டுவதும் குறைப்பதும் எப்படி? இங்கேதான் பவர் எலக்ட்ரானிக்ஸ் வருகிறது.

மோட்டார் டிரைவ் பேனலைத் திறந்து பார்த்தவர்களுக்கு ஒரு எண் தெரியும்: 415 வோல்ட் மூன்று ஃபேஸ் கொடுத்தால் உள்ளே டிசி பஸ்ஸில் சுமார் 560 வோல்ட் இருக்கும். லைன் அழுத்தத்தை 1.35-ஆல் பெருக்கினால் வருவது அது. டயோடு என்பது கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் சாதனம். ஆறு டயோடுகள் உள்ள பிரிட்ஜின் வேலை ஏசியை இப்படி டிசியாக்குவது, அவ்வளவுதான். டயோடுகளை எடுத்துவிட்டு தைரிஸ்டர்களை வையுங்கள். தைரிஸ்டர் என்பது அனுமதி கேட்கும் டயோடு. முன்னோக்கி அழுத்தம் வந்த பிறகும் கேட் என்ற முனையில் சிக்னல் வரும்வரை காத்திருக்கும். அந்தக் காத்திருப்பைக் கோணத்தில் அளப்பார்கள், பெயர் ஆல்ஃபா. கிடைக்கும் டிசி, 1.35 மடங்கு லைன் அழுத்தத்தை ஆல்ஃபாவின் கொசைனால் பெருக்கியது.

415 வோல்ட் உதாரணத்திலேயே போட்டுப் பாருங்கள். ஆல்ஃபா 0 டிகிரி என்றால் 560 வோல்ட். 60 டிகிரி என்றால் 280. 90 டிகிரியில் பூஜ்யம். 120 டிகிரியில் மைனஸ் 280.

அந்த மைனஸில் கொஞ்சம் நில்லுங்கள். தைரிஸ்டரில் கரண்ட் ஒரே திசையில்தான் ஓடும், அது மாறவில்லை. அழுத்தம் மட்டும் தலைகீழாகிவிட்டது. அப்படியானால் பவரின் திசை திரும்பிவிட்டது. டிசியிலிருந்து ஏசிக்கு மின்சாரம் போகிறது. ராய்கரில் ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜும் புகலூரில் டிசியை ஏசியாக்கும் பிரிட்ஜும் ஒரே சாதனம். சிக்னல் கொடுக்கும் நேரம் மட்டும்தான் வேறு. அனுப்பும் முனையில் ஆல்ஃபா 15 டிகிரியை ஒட்டி இருக்கும், வாங்கும் முனையில் 90-ஐ நன்றாகத் தாண்டியிருக்கும். ஆனியிலும் ஆடியிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் பாலக்காட்டுக் கணவாயிலும் காற்று அடித்து வீசும்போது, தெற்கில் மிஞ்சுவதை வடக்கே அனுப்பவும் இதே பாதை உதவ முடிகிறது. இரு முனைகளின் வேலையையும் மாற்றிவிட்டால் போதும்.

இதைக் கையால் செய்துபார்க்க ஆசை வந்தால் மூன்று ஃபேஸ் மெயின்ஸைத் தொட வேண்டாம், உயிருக்கு ஆபத்து. மின்சுற்றுகளைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் எல்.டி.ஸ்பைஸ் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. 120 டிகிரி இடைவெளியில் மூன்று சைன் மூலங்களை வையுங்கள். தைரிஸ்டருக்குப் பதிலாக ஒரு சுவிட்ச்சையும் டயோடையும் தொடராக வைத்தால் போதும். ஆல்ஃபாவை 15-லிருந்து 150 வரை மாற்றிக்கொண்டே அலைவடிவத்தைப் பாருங்கள். 90-ஐத் தாண்டிப் பார்ப்பதாக இருந்தால் டிசி பக்கம் ஒரு பேட்டரியைத் தலைகீழாக வைக்க மறந்துவிடாதீர்கள். பவர் கொடுக்க அங்கே ஒருவர் இருக்க வேண்டுமே.

நிஜ நிலையத்தில் ஒரு தைரிஸ்டர் 8 கிலோவோல்ட் அளவில்தான் தாங்கும். எனவே பல பத்து தைரிஸ்டர்களைத் தொடராகக் கோத்து ஒரு வால்வு என்று அழைப்பார்கள். காட்லாந்து காலத்தில் ஊனோ லாம் என்ற ஸ்வீடன் பொறியாளர் இந்த வேலையைப் பாதரச வில் குழாய்களால் சாதித்தார். வால்வு என்ற பெயர் அந்தக் குழாய்களோடு வந்தது. தைரிஸ்டர் வந்தபின்னும் பெயர் மாறவில்லை. பிரம்மாண்டமான கூடத்தில் அவை மேற்கூரையிலிருந்து தொங்கும். நிலநடுக்கம் வந்தால் ஆடட்டும், முறிய வேண்டாம் என்பதற்காக. சிக்னல் ஃபைபர் வழியே வெளிச்சமாக வரும். குளிரூட்ட உள்ளே சுற்றுவது உப்பு அறவே நீக்கிய தண்ணீர். சாதாரணக் குழாய்த் தண்ணீர் என்றால் அதுவே மின்கடத்தியாகிவிடும்.

படி 5: பிரிட்ஜைச் சுற்றி இருப்பதைப் பாருங்கள்

கன்வெர்ட்டர் நிலையத்தை வானிலிருந்து எடுத்த படத்தில் பார்த்தால், வால்வு கூடம் ஒரு மூலையில் சிறிதாக இருக்கும். மீதி இடமெல்லாம் வரிசை வரிசையாக கெப்பாசிட்டரும் சுருளும் பிடித்திருக்கும். புதிதாக வருபவர்கள் எல்லோரும் இதைப் பார்த்துக் குழம்புவார்கள்.

அந்த இடம்தான் தைரிஸ்டருக்கு நாம் கொடுக்கும் விலை. காத்திருந்து கரண்ட் இழுப்பதால் அழுத்தத்துக்குப் பின்னால் கரண்ட் தங்கிவிடும். கடத்தும் பவரில் ஏறக்குறைய பாதி அளவுக்கு ரியாக்டிவ் பவர் (வேலை செய்யாமல் போய்த் திரும்பும் பவர், அலகு மெகாவார்) தேவைப்படும். 6000 மெகாவாட் என்றால் ஒவ்வொரு முனையிலும் 3000 மெகாவார் அளவில் யாராவது கொடுத்தாக வேண்டும். இழுக்கும் கரண்டும் சைன் அலையாக இருக்காது, படிப்படியாக வெட்டுப்பட்டிருக்கும். ஸ்டார் இணைப்பில் ஒன்றும் டெல்டா இணைப்பில் ஒன்றுமாக இரண்டு டிரான்ஸ்பார்மர் சுற்றுகளை வைத்து, 30 டிகிரி விலகலில் இரண்டு பிரிட்ஜ்களை ஓட்டினால் 5-ஆம், 7-ஆம் ஹார்மோனிக்குகள் (50 ஹெர்ட்ஸின் மடங்குகளாகக் கலந்து வரும் அலைகள்) ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறையும். 11-ஆம், 13-ஆம் ஹார்மோனிக் மிஞ்சும், அதாவது 550 மற்றும் 650 ஹெர்ட்ஸ். வெளியே நிற்கும் ஃபில்டர்கள் அந்த அதிர்வெண்களுக்குச் சுருதி சேர்த்தவை. ஹார்மோனிக்கை விழுங்குவதோடு ரியாக்டிவ் பவரையும் அவையே கொடுத்துவிடும்.

படி 6: தைரிஸ்டரா, ஐ.ஜி.பி.டி.யா?

தைரிஸ்டரைத் திறந்துவிட நம்மால் முடியும், மூட முடியாது. ஏசி அழுத்தம் எதிராக வந்து கரண்டைப் பூஜ்யத்துக்கு இறக்கினால்தான் அது மூடும். வாங்கும் முனையில் இதற்குக் கிடைக்கும் அவகாசம் சுமார் 18 டிகிரி. 50 ஹெர்ட்ஸில் அது ஒரே ஒரு மில்லிசெகண்ட். அந்த நேரத்தில் பக்கத்து ஏசி லைனில் இடி விழுந்து அழுத்தம் சரிந்தால், தைரிஸ்டர் மூடுவதற்குள் தருணம் போய்விடும். பிரிட்ஜ் ஒரு கணம் ஷார்ட் ஆகிவிடும். இதை கம்யூடேஷன் ஃபெயிலியர் என்பார்கள். ஒரு தடவை என்றால் தானாகவே தேறிவிடும். வாங்கும் ஊரின் ஏசி கிரிட் பலவீனமாக இருந்தால் திரும்பத் திரும்ப வரும். ஆகவே தைரிஸ்டர் வகைக்கு வலுவான ஏசி கிரிட் இரு முனையிலும் அவசியம்.

ஐ.ஜி.பி.டி. இன்னொரு வகை மின்னணு சுவிட்ச். அதை நம் விருப்பப்படி திறக்கலாம், மூடலாம். 1990களின் பிற்பகுதியில் ஸ்வீடனில் இந்த வகை முதன்முதலாக ஓடியது. இப்போது கட்டுகிறவை பெரும்பாலும் மாடுலர் வகை. சின்னச் சின்ன கெப்பாசிட்டர் பெட்டிகளை நூற்றுக்கணக்கில் அடுக்கி, எத்தனை பெட்டியை எந்தக் கணத்தில் சேர்ப்பது என்று தீர்மானித்து, படி படியாக ஒரு சைன் அலையைக் கட்டி எழுப்புவார்கள். படிகள் அவ்வளவு நுண்மையாக இருப்பதால் அந்தப் பெரிய ஃபில்டர் மைதானம் தேவையில்லை. இறந்து கிடக்கும் கிரிட்டைக்கூட இதனால் எழுப்ப முடியும். விலை என்னவென்றால், ஒரு நிலையத்தின் அளவு தைரிஸ்டர் வகைக்கு இன்னும் எட்டவில்லை, இழப்பும் சற்றுக் கூடுதல். தைரிஸ்டர் நிலையத்தில் ஒரு முனைக்கு முக்கால் சதவீதம் போகும் என்றால் இதில் ஒரு சதவீதத்தை ஒட்டிப் போகும்.

புகலூரிலேயே இரண்டையும் அருகருகே பார்க்கலாம். ராய்கரிலிருந்து வருவது தைரிஸ்டர் வகை. அங்கிருந்து திருச்சூருக்குப் போகும் 320 கிலோவோல்ட், 2000 மெகாவாட் இணைப்பு ஐ.ஜி.பி.டி. வகை. இந்தியாவில் அந்த வகையில் அதுவே முதலாவது, 2021 பிப்ரவரியில் தொடங்கிவைத்தார்கள். வடக்கஞ்சேரி வரை டவரில் போய், அங்கிருந்து திருச்சூர் வரை கடைசி 27 கி.மீ. தரைக்கடியில் கேபிளாகப் போகிறது. வீடுகள் நெருங்கி நிற்கும் கேரளத்தில் டவருக்கு இடம் தேடுவது கடினம். ஐ.ஜி.பி.டி. வகையில் பவர் திரும்பும்போது கரண்ட்தான் திசை மாறும், அழுத்தத்தின் துருவம் மாறாது. எக்ஸ்.எல்.பி.இ. என்ற பிளாஸ்டிக்கை இன்சுலேஷனாகக் கொண்ட கேபிளுக்கு அது மிகவும் ஒத்துப்போகும், துருவம் மாறுவதைத்தான் அந்தப் பிளாஸ்டிக் தாங்காது. 165 கி.மீ. தூரத்துக்கு டிசி தேர்ந்தெடுத்ததற்கு நிலமும் கேபிளும் முக்கியக் காரணங்கள் என்பது இப்போது விளங்கும்.

படி 7: புதைக்கலாமே என்ற கேள்விக்குத் தயாராக இருங்கள்

இந்தத் துறைக்கு வருகிறவரிடம் கிராமத்தில் யாராவது இதைக் கேட்பார்கள். ராய்கர் பாதைக்கு டவர் போட வந்தபோது கொங்கு மாவட்டங்களில் விவசாயிகள் நாள்கணக்கில் போராடினார்கள். கேரளத்தில் புதைக்கிறீர்களே, எங்கள் தென்னந்தோப்பில் மட்டும் ஏன் டவர் என்று கேட்டார்கள். அது பொறியியல் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. முடியாது என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது தவறு என்பது என் கருத்து. காரணத்தை எண்களோடு சொல்ல வேண்டும்.

திருச்சூரில் புதைத்தது 320 கிலோவோல்ட். ராய்கர் பாதை 800. அந்த அழுத்தத்துக்கு எக்ஸ்.எல்.பி.இ. கேபிள் அன்று புழக்கத்தில் இல்லை. குறைந்த அழுத்தத்தில் புதைப்பதானால் ஒன்றுக்குப் பதில் பல ஜோடிக் கேபிள்கள் வேண்டும். தைரிஸ்டர் வகையில் பவர் திரும்பும்போது துருவம் மாறும் சிக்கலும் சேரும். இதெல்லாம் உண்மை. அதே அளவுக்கு இன்னொன்றும் உண்மை: டவர் நிற்கும் குழிக்கும், கம்பி போகும் பட்டைக்கும் கீழே உள்ள நிலத்தில் தென்னை வளர்க்க முடியாது, விற்கப் போனால் விலை குறைகிறது. லைனின் செலவு குறைவு என்று நாம் போடும் கணக்கில் அந்த இழப்பும் ஒரு வரியாக வர வேண்டும். பாதை குறிக்கும் வேலையில் நீங்கள் இருந்தால் அந்த வரியை விட்டுவிடாதீர்கள்.

படி 8: ஃபால்ட் வந்தால் என்ன நடக்கும்?

ஏசியில் கரண்ட் ஒரு செகண்டுக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடும். ஃபால்ட் வந்தால் லைனைத் துண்டிக்கும் பிரேக்கர், தன் முனைகளுக்கு நடுவே எரியும் மின்வில்லை அந்தத் தருணத்தில் அணைத்துவிடும். டிசியில் அந்தத் தருணமே இல்லை. அதனால் டிசி பிரேக்கர் செய்வது பல்லாண்டுகள் கைகூடாமல் இருந்தது. சீனாவின் ஜாங்பெய் திட்டத்தில் 2020-ல் நான்கு நிலையங்களை 500 கிலோவோல்ட் டிசி வலையாகக் கோத்து, பிரேக்கர்களோடு ஓட்டிக் காட்டினார்கள்.

தைரிஸ்டர் பாதையில் பிரேக்கர் இல்லாமலே ஒரு வழி உண்டு, நான்காவது படியில் பார்த்த அதே மைனஸ்தான். டவரில் இடி விழுந்து இன்சுலேட்டர் மேல் வில் பிடித்ததும், அனுப்பும் முனை தன் ஆல்ஃபாவை 90-க்கு மேலே தள்ளிவிடும். இதுவரை கொடுத்துக்கொண்டிருந்த பிரிட்ஜ் இப்போது லைனில் மிச்சமிருக்கும் ஆற்றலை உறிஞ்சி ஏசி பக்கம் திருப்பிவிடும். கரண்ட் பூஜ்யமாகும், வில் அணையும். காற்று மறுபடி இன்சுலேட்டராக ஆவதற்குக் கால் செகண்ட் அளவில் காத்திருந்துவிட்டு, அழுத்தத்தை மெல்ல ஏற்றும். இதற்கிடையில் மறுபக்கக் கொத்து தன் பங்கை விடாமல் கொண்டுபோகும். ஊரில் விளக்கு சிமிட்டியதோடு போய்விடும்.

படி 9: தினம் ஒரு வரி படியுங்கள்

கிரிட் இந்தியா நிறுவனத்தின் தேசிய லோடு டெஸ்பாட்ச் மையம் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளின் மின் வழங்கல் அறிக்கையை இணையத்தில் போடுகிறது. அதில் மண்டலங்களுக்கு இடையேயான பரிமாற்ற அட்டவணையைத் தேடுங்கள். மேற்கு – தெற்கு என்ற பகுதியில் ராய்கர் – புகலூர் ஒரு வரி, கிழக்கு – தெற்கு பகுதியில் தால்சேர் – கோலார் ஒரு வரி இருக்கும். கடைசிக் கட்டங்களில் அன்று போன மில்லியன் யூனிட் இருக்கும். அதை 24-ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் சராசரி மெகாவாட் கிடைக்கும். 72 மில்லியன் யூனிட் என்று போட்டிருந்தால் அன்றைய சராசரி 3000 மெகாவாட்.

அந்த எண்ணை இரண்டாவது படியின் கணக்கில் போட்டு, அன்று கம்பியில் எவ்வளவு கரண்ட் ஓடியிருக்கும், எவ்வளவு வெப்பமாகப் போயிருக்கும் என்று பாருங்கள். சித்திரையில் ஒரு வாரம், ஆடியில் ஒரு வாரம் என்று குறித்துக்கொண்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.